ஸ்காபரோ வளவொன்றில் இரண்டு இலையுதிர்காலங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. கோடிப்புறத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மனைவி மேலே ஓடிவந்து, சுவரிலிருந்து தண்ணீர் வழிகிறது என்றார். குழாயை மூடியதும் வழிவது நின்றது. மீண்டும் திறந்தோம், மீண்டும் வழிந்தது. உட்சுவர்ப் பலகையை வெட்டிப் பார்த்தபோது, வெளிச்சுவரின் ஊடாக வரும் செப்புக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு பிளவு இருந்தது. அந்தப் பிளவு ஏப்ரலில் ஏற்பட்டதன்று. ஜனவரியின் ஏதோ ஒரு கடுங்குளிர் இரவில் ஏற்பட்டு, மூன்று மாதம் சத்தமில்லாமல் சுவருக்குள் இருந்து, நாங்கள் தண்ணீரைத் திறந்த நாளில் வெளிப்பட்டது.

அன்று பிற்பகல் வளவைச் சுற்றி நடந்து, குளிர்காலம் விட்டுச்சென்ற சேதங்களை ஒரு கொப்பியில் எழுதினேன். இந்த ஆய்வு அந்தக் கொப்பியிலிருந்து தொடங்குகிறது. முதலாம் இலையுதிர்காலத்தில் நாங்கள் சோம்பியிருக்கவில்லை. வாரக்கடைசி தவறாமல் வெளியே வேலைசெய்தோம். அவ்வளவு உழைத்தும் ஏன் இவ்வளவு இழந்தோம் என்பதே கேள்வி. அதற்குக் கிடைத்த விடையை வைத்து இரண்டாம் இலையுதிர்காலத்தில் வேலைகளின் வரிசையை மாற்றினோம். அந்த மாற்றத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

வளவும் அதன் நிலையும்

வீடு, ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் வடபகுதியில், 1970-களில் கட்டப்பட்ட குடியிருப்பொன்றில் உள்ள மூலைக் காணி. 40 அடி அகலம், 120 அடி நீளம். மூலைக் காணி என்பதால் மேற்குப் பக்கத்திலும் ஒரு வீதி ஓடுகிறது. அந்த எல்லையில் பதினொரு சீடர் மரங்கள் வேலியாக நிற்கின்றன. குளிர்காலக் காற்றும், பிற்பகல் வெயிலும், வீதியில் தூவப்படும் உப்பும் ஆகிய மூன்றும் அந்தப் பக்கத்திலிருந்தே வருகின்றன என்பது பின்னர் முக்கியமாயிற்று. முன்புறத்தில் நகரசபைக்குச் சொந்தமான நோர்வே மேப்பிள் ஒன்று நிற்கிறது. பின்புறத்தில் மூன்று மரக்கறிப் பாத்திகள், நான்கு ரோசாக் கன்றுகள், மூன்று வயதுடைய ஓர் அப்பிள் கன்று, பீலியிலிருந்து இறங்கும் மழைநீரைப் பிடிக்கும் ஒரு பீப்பாய். இவற்றோடு, கோடையில் வெளியிலும் குளிர்காலத்தில் உள்ளேயும் வாழும் சாடிக் கன்றுகள்: மூன்று கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஒரு மல்லிகை.

ரொறன்ரோ, கனடாவின் ஏனைய பல பகுதிகளோடு ஒப்பிடும்போது மென்மையான காலநிலை உள்ள நகரம். ஒன்ராறியோ ஏரி கோடையின் வெப்பத்தைப் பிடித்துவைத்திருந்து இலையுதிர்காலத்தில் மெல்ல விடுவதால், ஏரிக்கரையில் முதல் உறைபனி தாமதமாகவே விழுகிறது. ஏரியிலிருந்து விலகி வடக்கே வரவர அந்தச் சலுகை குறைகிறது. எங்கள் பகுதியில் ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் இறுதிக்கும் இடையில் ஓர் இரவில் தக்காளி இலைகள் கருகிவிடும். ஜனவரி, பெப்ரவரியில் வெப்பநிலை சில இரவுகளில் -20 பாகைக்கு இறங்கும்.

கொப்பியில் எழுதிய சேதங்கள்

சுவருக்குள் வெடித்த குழாயைச் சொல்லிவிட்டேன். சீடர் மரங்களில் நான்கு, வீதிப் பக்கத்தில் தலை முதல் இடுப்பு வரை செம்பழுப்பாகக் கருகியிருந்தன. வீட்டுப் பக்கத்தில் அவை பச்சையாகவே இருந்ததால், உள்ளேயிருந்து பார்த்துப் பழகிய நாங்கள் குளிர்காலம் முழுவதும் இதை அறியவில்லை. அப்பிள் கன்றின் தண்டில், நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேலே, பட்டை சுற்றிவர உரிக்கப்பட்டு வெள்ளைத் தடி தெரிந்தது. ரோசாக்களில் இரண்டு ஒட்டுக்குக் கீழிருந்து மட்டும் துளிர்த்தன. துளிர்த்தது நாங்கள் வாங்கிய ரோசா அல்ல, அதன் அடிக்கன்று. மழைநீர்ப் பீப்பாயின் அடி பிளந்திருந்தது. முன்புறப் புல்லில் சாம்பல் நிறத்தில் தட்டையாகப் படுத்த வட்டங்கள் காணப்பட்டன. கறிவேப்பிலை மூன்றில் இரண்டு பெப்ரவரியிலேயே செத்துவிட்டன.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடியபோது வெளிப்பட்டதை, எளிதானதிலிருந்து தொடங்குகிறேன்.

பீப்பாய்க்கு விளக்கம் தேவையில்லை. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது; நிறைந்திருந்த பீப்பாய்க்கு வேறு வழியில்லை. புல்லில் காணப்பட்டது பனிப் பூஞ்சணம். மேப்பிள் சருகு கனமாகப் படிந்திருந்த இடத்தின்மேல் ஸ்னோ விழுந்து, அடியில் ஈரமும் இருட்டும் நிலைத்திருந்ததால் பிடித்தது. அது பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும். எங்களுடையதும் ஜூன் மாதத்துக்குள் தெளிந்தது.

குழாயின் கதை சற்று நுட்பமானது. எங்கள் பின்புறக் குழாய், உறையாத வகை என்று சொல்லி விற்கப்படுவது. அதன் கைப்பிடி வெளியே இருந்தாலும், தண்ணீரை அடைக்கும் வாய் 30 சென்ரிமீற்றர் உள்ளே, வீட்டின் சூட்டுக்குள் இருக்கிறது. மூடியதும், அந்த வாய்க்கும் வெளி முனைக்கும் இடையில் உள்ள தண்ணீர் தானாக வடிந்துவிடும். வெறுமையான குழாயில் உறைவதற்கு எதுவும் இராது. ஆனால் முனையில் ரப்பர்க் குழாய் பூட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் வெளியேற முடியாமல் நின்றுவிடும், உறையும், குழாயைப் பிளக்கும். பிளவு அடைப்பு வாய்க்கு வெளிப்பக்கத்தில் இருப்பதால், குழாய் மூடியிருக்கும்வரை ஒரு துளியும் கசியாது. நாங்கள் நவம்பர் நடுப்பகுதியில் பீலிக்குள் இருந்த சருகுச் சேற்றைக் கழுவுவதற்கு ரப்பர்க் குழாயைப் பூட்டினோம். கை விறைத்துப்போனதால் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டோம். முன்புறக் குழாய் பழைய வகை, அதற்கு உள்ளே தனி அடைப்பு உண்டு. அதை ஒவ்வோர் ஆண்டும் ஒழுங்காக மூடிவந்தோம். புதியதை நம்பியதால் புதியதே வெடித்தது.

அப்பிளைக் கடித்தது முயல். பொந்தெலியாக இருந்திருந்தால் ஸ்னோவுக்கு அடியில், நிலத்தோடு ஒட்டிய இடத்தில் கடித்திருக்கும். முயல் ஸ்னோவின்மேல் ஏறி நின்று கடிக்கிறது. ஆகையால் காயத்தின் உயரம், அந்தக் குளிர்காலத்தில் ஸ்னோ எவ்வளவு உயரத்துக்குப் படிந்தது என்பதையும் காட்டியது. பட்டை சுற்றிவர முழுமையாகப் போனால் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காது. ஒரு பக்கமாவது மிஞ்சியிருந்தால் கன்று பிழைத்திருக்கும். எங்களுடையது பிழைக்கவில்லை.

சீடரின் கருகலை, பலரைப் போல நாங்களும் குளிரின் வேலை என்று நினைத்தோம். உண்மையில் அது தாகம். ஊசியிலை மரங்கள் குளிர்காலத்திலும் இலையிலிருந்து நீரை இழந்துகொண்டே இருக்கின்றன; பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயிலும் காற்றும் சேரும் நாட்களில் அந்த இழப்பு கூடுகிறது, ஆனால் நிலம் உறைந்து கிடப்பதால் வேருக்கு நீர் கிடைப்பதில்லை. நிலம் உறைவதற்கு முன் மரம் எவ்வளவு நீரைக் குடித்துவைத்திருந்தது என்பதில்தான் அதன் மார்ச் மாதம் தங்கியிருக்கிறது. சீடரின் வேர்கள் ஆழமாகப் போவதுமில்லை. முந்திய செப்டெம்பர் வரண்டதாக இருந்தது. நாங்கள் தக்காளிக்கு ஊற்றினோம், வேலிக்கு ஒரு வாளிகூட ஊற்றவில்லை. அதன்மேல் வீதி உப்பும் தெறித்தது.

கறிவேப்பிலையைக் கொன்றது அன்பு. இதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

முதலாம் இலையுதிர்காலத்தில் செய்த வேலைகள்

கைத்தொலைபேசியில் இருந்த படங்களின் தேதிகளையும், காகிதப் பைகள் வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் வைத்து அந்த ஒன்பது வாரக்கடைசிகளை மீளக் கட்டியெழுப்பினேன். கிடைத்த படம் வெட்கம் தருவதாக இருந்தது. செப்டெம்பர் இறுதியிலிருந்து நவம்பர் கடைசிவரை சருகு வாரினோம். மொத்தம் 31 பைகள். ரொறன்ரோவில் தோட்டக் கழிவை பிளாஸ்ரிக் பையில் வைத்தால் எடுக்கமாட்டார்கள். கடதாசிப் பையில் அல்லது திறந்த தொட்டியில், 20 கிலோகிராமுக்கு மேற்படாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீதியோரத்தில் வைக்கவேண்டும். அந்த இரு வார ஓட்டமே எங்கள் வேலைக்குத் தாளம் போட்டது. குப்பை எடுக்கும் நாளுக்கு முன் எத்தனை பை கட்டலாம் என்பதே ஒவ்வொரு சனிக்கிழமையின் இலக்கு.

இதில் ஒரு முட்டாள்தனமும் இருந்தது. நோர்வே மேப்பிள், கனடாவின் சொந்த மேப்பிள் இனங்களைவிடத் தாமதமாக இலையை விடுகிறது. எங்கள் மரத்தில் நவம்பர் முதல் வாரத்திலும் பாதி இலை தொங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் ஒக்டோபரில் வாரிய இடத்தையே நவம்பரில் மூன்று முறை மீண்டும் வாரினோம். பீலியையும் அவ்வாறே இரண்டு முறை சுத்தம்செய்தோம். இரண்டாம் முறை சுத்தம்செய்யத்தான் அந்த ரப்பர்க் குழாயைப் பூட்டினோம்.

சருகு கண்ணுக்குத் தெரிகிறது. அயலவருக்கும் தெரிகிறது. வாரினால் வேலை முடிந்தது போன்ற நிறைவு உடனே கிடைக்கிறது. வேலிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. அன்று ஊற்றியதன் பலன் ஐந்து மாதம் கழித்து, எதுவும் நடக்காமல் இருப்பதில் தெரியும். எங்கள் உழைப்பு கண் போன வழியே போயிருந்தது. ஒரு வாரம் பிந்தினாலும் பெரிய கேடு வராத வேலைக்கு ஒன்பது வாரக்கடைசிகளைக் கொடுத்துவிட்டு, ஓர் இரவு பிந்தினால் கெட்டுப்போகும் வேலைகளைத் தற்செயலுக்கு விட்டிருந்தோம்.

நாட்காட்டியும் ஏமாற்றியது. நன்றி நவிலல் நாளாகிய ஒக்டோபர் இரண்டாம் திங்களுக்குள் இது, தீபாவளிக்குள் அது என்று எண்ணிக்கொண்டோம். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியதும், மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிட, வேலை முடிந்து வந்து வளவில் எதையும் செய்யும் வாய்ப்பு ஒரே நாளில் இல்லாமற்போனது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு பகல்களே மிஞ்சுகின்றன என்பதை எந்த ஆண்டும் நாங்கள் கணக்கில் எடுத்ததில்லை.

அத்திமரம் புதைத்தவர்

வரிசையைப் பற்றி எனக்கு முதலில் புரியவைத்தவர், வேலிக்கு அப்பால் வாழும் இத்தாலிய முதியவர். தெற்கு இத்தாலியின் கலாபிரியாவிலிருந்து இளவயதில் வந்தவர். ரொறன்ரோவின் இத்தாலியரிடமும் போர்த்துக்கேயரிடமும் அத்திமரத்தைக் குளிர்காலத்துக்கு மண்ணில் புதைக்கும் வழக்கம் உண்டு. மரத்தின் கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, ஒரு பக்கத்து வேர்களை மண்வெட்டியால் வெட்டித் தளர்த்தி, மறுபக்கத்தில் தோண்டிய நீண்ட குழிக்குள் மரத்தையே சாய்த்துப் படுக்கவைத்து, மேலே பலகையும் படங்கும் போட்டு மண்ணால் மூடிவிடுவார்கள். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார்கள். முதற்தடவை பார்ப்பவருக்கு அது இறுதிக்கிரியை போலத் தோன்றும்.

அவர் எந்தத் தேதியில் புதைப்பார் என்று கேட்டேன். தேதி இல்லை என்றார். இலை முழுவதும் விழவேண்டும், இரண்டு மூன்று கடும் உறைபனி படவேண்டும். அப்போதுதான் மரம் உறங்கும். ஆனால் மண்வெட்டி மண்ணுக்குள் இலகுவாக இறங்கும் காலத்துக்குள் முடித்துவிடவேண்டும். முந்தினால் மரம் அழுகும், பிந்தினால் நிலம் விடாது. ஒவ்வொரு காலையும் மண்வெட்டியைக் குத்திப் பார்ப்பாராம்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், எங்கள் கொப்பியில் இருந்த வேலைகளை மாதவாரியாக எழுதுவதை நிறுத்தி, எந்த வாசல் மூடுவதற்குள் செய்யவேண்டும் என்று பிரித்து எழுதினேன். மூன்று வாசல்கள் கிடைத்தன. முதலாவது, இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போவது. இது சாடிக் கன்றுகளுக்கு. இரண்டாவது, முதல் உறைபனி, இது பாத்திகளுக்கு. மூன்றாவது, நிலம் உறைவது. வேலி, உள்ளி, ரோசா, முயற்காப்பு எல்லாம் இதற்குள் அடங்கும். காற்று உறைவதற்கும் நிலம் உறைவதற்கும் இடையில் பல வாரங்கள் கிடைக்கின்றன, ஏனெனில் மண் கோடை வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. அந்த இடைவெளியை நாங்கள் சருகுக்குக் கொடுத்துவந்தோம். இறைச்சியின் சூட்டைப் பார்க்கும் சமையலறை வெப்பமானி ஒன்றை இதற்கென ஒதுக்கி, சனிக்கிழமை தோறும் பாத்தியில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குத்திக் குறித்தோம். ஒக்டோபர் இறுதியில் புல்நுனியில் வெள்ளைப் பனி பூத்திருந்த ஒரு காலையிலும் அது 9 பாகை காட்டியது.

கறிவேப்பிலை

இரண்டாம் இலையுதிர்காலத்தின் முதல் வேலை செப்டெம்பர் மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. முந்திய ஆண்டு, உறைபனி எச்சரிக்கை வந்த இரவில், மூன்று சாடிகளையும் அவசரமாகத் தூக்கி நிலக்கீழ் அறைக்குள் வைத்தோம். முழு வெயிலில் நின்ற கன்று ஒரே இரவில் இருட்டுக்கும் உலர்ந்த சூட்டுக்கும் போனால் இலையை உதிர்க்காமல் என்ன செய்யும்? உதிர்ந்தது. இலை உதிர்ந்த கன்றைப் பார்த்த மாமிக்குப் பொறுக்கவில்லை. "கன்று தண்ணிக்குத் தவிக்குது தம்பி" என்று சொல்லி நாள்தோறும் ஊற்றினார். இலை இல்லாத கன்று தண்ணீரை இழுப்பதில்லை. அடியில் நின்ற தண்ணீர் வேரை அழுகவைத்தது. வேர் அழுகியதால் மேலும் வாடியது; மேலும் வாடியதால் மேலும் ஊற்றினார்.

இம்முறை எஞ்சிய ஒரு கன்றையும், மச்சாள் தந்த இன்னொரு கன்றையும் பத்து நாட்கள் வீட்டு நிழலில் வைத்து வெளிச்சக் குறைவுக்குப் பழக்கினோம். உள்ளே எடுப்பதற்கு முன், இலைக்கு அடியிலும் தண்டிலும் ஒட்டியிருக்கும் செதிற்பூச்சியை நகத்தால் சுரண்டி, மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் கழுவினோம். வெளியில் பத்தாக இருப்பது, இயற்கை எதிரிகள் இல்லாத வீட்டுக்குள் நூறாகிவிடும். தெற்கு யன்னல் ஒன்றைக் காலியாக்கி அங்கே வைத்தோம். பசளையை நிறுத்தினோம். தண்ணீருக்கு ஒரு விதி வைத்து, அதைச் சாடியிலேயே ஒட்டினோம்: விரலை இரண்டு மூட்டு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது. மாமி அந்தத் தாளை விரும்பவில்லை. ஆனாலும் மதித்தார், இலைமேல் தண்ணீர் தெளிப்பதை மட்டும் தன் உரிமையாக வைத்துக்கொண்டார். சூடாக்கியின் உலர்ந்த காற்றில் சிலந்திப் பேன் பெருகுவதைத் தடுக்க அது உதவியிருக்கவும் கூடும்.

முருங்கையை வேறு விதமாக நடத்தினோம். அதற்குக் கிழங்கு போன்ற தடித்த வேர் இருப்பதால், தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, நிலக்கீழ் அறையின் குளிர்ந்த மூலையில் கிட்டத்தட்டத் தண்ணீரே இல்லாமல் உறங்கவிட்டோம். மல்லிகை மாடிப்படியருகே யன்னலில் இடம்பிடித்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாத்திகளும் உள்ளியும்

ஒக்டோபர் 18 அன்று முதல் உறைபனி முன்னறிவிக்கப்பட்டது. அன்று மாலை பச்சைத் தக்காளி, மிளகாய், கத்தரி, கடைசிப் பாகற்காய் எல்லாவற்றையும் பறித்தோம். பழைய படுக்கை விரிப்பால் மூடினால் ஓரிரு பாகை காப்பாற்றலாம், அதன் பிறகு இரண்டு வாரம் இதமான காலநிலை வருவதும் உண்டு. ஆனால் அந்த இரண்டு வாரத் தக்காளிக்காக ஒவ்வோர் இரவும் விரிப்போடு அலைவது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. காய்களைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் வைத்ததில் பாதி பழுத்தது, மீதி கறியாயிற்று.

தக்காளிச் செடிகளை மட்டும் பையில் கட்டி அனுப்பினோம். இலைப்புள்ளி நோய்களின் வித்திகள் செத்த இலையிலும் தண்டிலும் குளிர்காலத்தைக் கடந்துவிடும் என்பதால் அவற்றைக் கூட்டெருவில் போடவில்லை. பாகல், அவரைக் கொடிகள் கூட்டெருவுக்குப் போயின. பூப்பாத்தியின் காய்ந்த தண்டுகளை வெட்டவே இல்லை. துளையுள்ள தண்டுகளுக்குள் சிறு காட்டுத் தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதே சரியான வேலை.

ஐப்பசியில் விதைத்துப் பழகிய கைகளுக்கு, ஐப்பசியில் நிலத்தை மூடுவது இன்றுவரை ஒவ்வாத காரியம். நல்ல காலமாக, இங்கும் ஐப்பசியில் நடுவதற்கு ஒரு பயிர் உண்டு: உள்ளி. குளிர்காலத்தின் குளிர் படாவிட்டால் உள்ளி பல்லுப் பிரியாது. ஆகையால் நிலம் உறைவதற்குச் சில வாரங்கள் முன் நட்டு, வேர் மட்டும் ஓடி முளை மேலே வராத நிலையில் அதை உறங்கவைக்கவேண்டும். மரக்கறிக் கடையில் வாங்கும் இறக்குமதி உள்ளி இந்தக் குளிருக்கு ஏற்றதல்லாத இனமாக இருக்கலாம் என்பதால், ஒன்ராறியோவில் பரவலாகப் பயிரிடப்படும் மியூசிக் என்ற கடினத்தண்டு இனத்தை வாங்கினோம். ஒக்டோபர் கடைசி வாரத்தில், 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் இடைவெளியில், கூர்முனை மேலே பார்க்க 60 பற்கள் நட்டோம். வைக்கோலை உடனே போடவில்லை. நிலத்தின் மேற்பரப்பு இறுகத் தொடங்கிய பின் போட்டோம். வைக்கோலின் பணி நிலத்தைச் சூடாக வைத்திருப்பது அன்று, உறைந்த நிலம் இடையிடையே இளகி மீண்டும் உறைந்து பற்களை மேலே தள்ளாமல் காப்பது.

ரோசாவுக்கும் அதே பொறுமை வேண்டியிருந்தது. கிளைகளைக் கட்டையாக வெட்டாமல், சில உறைபனிகள் பட்ட பிறகு, ஒட்டு மறையும்படி 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மண் குவித்தோம். மண்ணை வேறு பாத்தியிலிருந்து கொண்டுவந்தோம். ரோசாவின் அடியிலிருந்தே வழித்துக் குவித்தால் வேர் வெளியே தெரியும்.

தண்ணீரும் குழாயும்

இங்கே இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. வேலி மரங்களுக்கு நிலம் உறையும்வரை தண்ணீர் வேண்டும். குழாயையோ கடுங்குளிர் வருமுன் வெறுமையாக்கவேண்டும். முதலாம் ஆண்டில் இந்த முரணை நாங்கள் அறியவே இல்லை, ஏனெனில் வேலிக்குத் தண்ணீர் ஊற்றும் எண்ணமே இருக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து, மழை பெய்யாத ஒவ்வொரு வாரமும், ஒரு மரத்தடியில் இருபது நிமிடம் என்ற கணக்கில் ரப்பர்க் குழாயை மெல்ல ஓடவிட்டோம். ஒக்டோபர் இறுதியிலிருந்து, வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றி வடியவிட்டு கராஜில் சுருட்டிவைப்பதை விதியாக்கினோம். நவம்பர் 12 அன்று கடைசியாக ஊற்றிவிட்டு, முன்புறக் குழாயின் உள்ளடைப்பை மூடி, வெளி வாயைத் திறந்து, அடைப்பில் உள்ள சிறு மூடியைத் தளர்த்தி மிச்சத் தண்ணீரை ஒரு கோப்பையில் பிடித்தோம். அதன் பிறகு மூன்று வாரம் நிலம் உறையாமல் கிடந்தது. பீப்பாயில் இருந்த மழைநீரை வாளியால் அள்ளி வேலிக்கு ஊற்றி முடித்தோம். பீப்பாய் வெறுமையானது, கவிழ்த்தாயிற்று. அது புதுப் பீப்பாய் என்பதையும் சொல்லவேண்டும்.

அப்பிளுக்குப் பதிலாக மே மாதம் நட்ட புதுக் கன்றைச் சுற்றி, சிறு துளைகள் கொண்ட இரும்புவலையை உருளையாக வளைத்து, அடி 5 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் புதையவும் உச்சி ஒரு மீற்றர் உயரவும் நிறுத்தினோம். அடி பொந்தெலிக்கு, உச்சி முயலுக்கு.

சருகு இந்த முறை கடைசியில் வந்தது. புல்வெட்டியின் அலகை 6 சென்ரிமீற்றருக்கு இறக்கி, விழுந்த சருகின்மேல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டினோம். பொடியான சருகு புல்லுக்குள் இறங்கி மறைந்தது. கனமாகக் குவிந்ததை மட்டும் வாரி ரோசாவுக்கும் பாத்திகளுக்கும் போட்டோம். நவம்பர் நான்காம் வாரம், மேப்பிள் முற்றாக உதிர்ந்த பிறகு, ஒரே ஒரு முறை ஏணி வைத்துப் பீலியை, தண்ணீர் இல்லாமல் கையால், சுத்தம்செய்தோம். வீதியோரத்தில் வைத்தது 7 பைகள். மேப்பிளில் தொங்கிய ஒரு பட்ட கிளையைப் பற்றி நகரசபையின் சேவை எண்ணான 311-க்கு அழைத்து அறிவித்தோம். நகரசபை மரத்தில் நாங்கள் கைவைக்க முடியாது, 2013 டிசம்பரில் பனிமழை கிளைகளை முறித்து நகரில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின்னிணைப்புகளைத் துண்டித்ததை நேரில் கண்டவர்களுக்கு அந்தக் கிளையின்கீழ் கார் நிறுத்த மனம் வராது. புல்வெட்டியின் பெற்றோலை ஓடவிட்டுத் தீர்த்து, அலகைத் துடைத்து மூடியதோடு அந்த ஆண்டின் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

பலித்ததும் பலிக்காததும்

அடுத்த ஏப்ரலில் இரண்டு குழாய்களும் சுவரை நனைக்காமல் ஓடின. 60 பற்களில் 57 முளைத்தன. ஜூலையில் பிடுங்கியபோது கடைசி வரிசை மட்டும் சிறுத்திருந்தது, அது மேப்பிளின் வேர் எட்டும் இடம். நான்கு ரோசாக்களும் ஒட்டுக்கு மேலே துளிர்த்தன. அவற்றுள் இரண்டு புதியவை. அப்பிள் வலையைச் சுற்றி முயற் புழுக்கை கிடந்தது, பட்டையில் ஒரு கீறலும் இல்லை. இரண்டு கறிவேப்பிலையும் இலையோடு மே மாதத்தைக் கண்டன. முருங்கை கண்டதில்லை, குளிர்ந்த மூலை என்று நினைத்த இடத்துக்குப் பக்கத்தில் சூடாக்கியின் குழாய் ஓடியதால் அது ஜனவரியிலேயே விழித்து, வெளிச்சமில்லாமல் வெளிறித் தளிர்த்து, தன் சேமிப்பைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டது.

வேலியில் கிடைத்தது அரைகுறை வெற்றி. புதிதாக எந்த மரமும் கருகவில்லை என்பதை நீரின் பலனாகவே கொள்கிறேன். முன்பு கருகிய நான்கில் மூன்று, உயிருள்ள நுனிகளிலிருந்து மெல்லப் பசுமை கண்டன. நான்காவது மரம் வீதிமுனையில் நிற்பது. அதன் கருகிய பகுதியில் நுனி எதுவும் உயிரோடு இருக்கவில்லை. சீடர் பழைய தடியிலிருந்து துளிர்க்காது என்பது தெரிந்திருந்தும் ஜூன் வரை காத்திருந்துவிட்டுத் தறித்தோம்.

அந்த மரத்தை உப்பிலிருந்து காக்கவென்றே வீதிப் பக்கத்தில் சணற்சாக்கு மறைப்பு ஒன்று கட்டியிருந்தோம். சாக்கு மரத்தில் படாமல், ஒரு முழம் தள்ளிக் கட்டைகள் அடித்து, அவற்றில் இழுத்துக் கட்டவேண்டும் என்பது சரிதான். சாக்குக் கட்டுவது குளிர்கால வேலை என்று எண்ணி, கட்டைகளை டிசம்பர் முதல் வாரத்தில் அடிக்கப் போனோம். அலவாங்கால் குத்தியும் நிலம் ஒரு சாண் ஆழத்துக்குமேல் விடவில்லை. பெப்ரவரியில் ஒரு மேற்குக் காற்றில் மறைப்பு முழுவதும் பெயர்ந்து வேலியின்மேல் சாய்ந்தது. அதை நிமிர்த்த வழியில்லாமல் மார்ச் வரை அப்படியே கிடந்தது. மூன்று வாசல்களையும் கொப்பியில் எழுதிய கையே, சாக்கையும் கட்டையையும் ஒரே வேலையாக ஒரே வரியில் எழுதியிருந்தது.

இந்த ஆண்டு ஒக்டோபர் முதல் வாரத்திலேயே ஒன்பது கட்டைகளையும், மண் மெதுவாக இருக்கும்போதே, முழங்கை ஆழத்துக்கு இறக்கியாயிற்று. சாக்கு இன்னும் கராஜில் இருக்கிறது. வெறுங்கட்டைகள் மட்டும் வீதியோரம் வரிசையாக நிற்பதைப் பார்த்து, மேற்கு வீதியில் நாயோடு நடப்பவர்கள் என்ன கட்டப்போகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.